சப்பாத்துப் போட்டால் செய்தி

அவ கதவைத் திறந்தா நான் முதல் பாக்கிறது அவவின்ரை முகத்தை இல்லை, காலை. மண்ணிறச் சப்பாத்து, நாடாவை இறுக்கிக் கட்டி, வீட்டுக்குள்ளையே டக்டக்கெண்டு நடந்துகொண்டிருந்தா எண்டால் அண்டைக்கு அவ செய்தி எழுதிறா. வாயைக் கவனமாத் திறக்கவேணும். வெறுங்காலோடை நிண்டா எண்டால் கதை எழுதிறா. அண்டைக்கு என்ன புளுகும் புளுகலாம், பக்கத்திலை இருந்து அவவும் எடுத்துக் குடுப்பா.

மொன்றியலிலை, கோட்-டெ-நெய்ஜிலை நாங்கள் இருக்கிற கட்டடத்திலை அவ கீழ்த்தட்டு, நாங்கள் நாலாம் மாடி. போலந்துக்காரி. அங்கை பத்திரிகையிலை வேலை செய்தவ, கதைப் புத்தகங்களும் எழுதினவ. இஞ்சை வந்து ஒஃபிஸ் கூட்டித் துடைச்ச காலத்திலையும் எழுத்தை விடேல்லை. மொன்றியலிலை இருக்கிற போலந்துச் சனத்துக்கெண்டு வாற ஒரு பேப்பருக்குக் கிழமைக்கொருக்கா எழுதிக் குடுப்பா. எனக்குப் பழக்கமான காலத்திலை எழுபதைத் தாண்டியிட்டா, முழங்கால் ரெண்டும் சரியில்லை. போன வருஷம் காலமாயிட்டா. பேரைச் சொல்ல மாட்டன். தன்ரை பேரைப் பிழையாச் சொல்லுற ஆக்களோடை சண்டைக்குப் போற மனிசி அவ, எனக்கோ அந்தப் பேர் கடைசிமட்டும் வாயிலை ஒழுங்கா நுழையேல்லை. எங்கடை ஆக்கள் சப்பாத்து மனிசி எண்டுதான் சொல்லுறவை. அவவுக்கும் அது தெரியும், கோவிக்கேல்லை.

நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சது பாதி இங்கிலிஷ், பாதி பிரெஞ்ச். ரெண்டு பேருக்கும் ரெண்டும் அரைகுறை. அவ என்னை நீர் எண்டு சொல்லுற மாதிரித்தான் எனக்கு எப்பவும் கேட்டது, ஆனபடியால் அப்பிடியே எழுதிறன்.

குடிவந்த புதுசிலை ஒருநாள் மீன் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன், கதவு தட்டிக் கேக்குது. திறந்தா ஒரு வெள்ளைக்கார மனிசி, கோட்டும் சப்பாத்தும் போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. சரி, மணம் எண்டு சண்டைக்கு வந்திட்டா எண்டு நானும் பதிலை வாயிலை தயாரா வைச்சிருந்தன். அவ என்னெண்டால், ஞாயிற்றுக்கிழமையிலை இந்தப் படிக்கட்டிலை என்னென்ன மணம் வருது எண்டு பேப்பருக்கு எழுதிறாவாம், சட்டியை ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேக்கிறா. பாத்தா. மீன்ரை பேர், வாங்கின கடை எல்லாம் கேட்டா. பக்கத்து அடுப்பிலை கொதிச்ச குழம்புக்குத் தூள் எவ்வளவு எண்டா. கொஞ்சம் எண்டன். கொஞ்சம் எண்டால் எவ்வளவு எண்டு திருப்பிக் கேட்டுப்போட்டு, நான் தூளைப் போடுமட்டும் பக்கத்திலையே நிண்டா. போட்டு முடியச் சொன்னா, இது கொஞ்சம் இல்லை.

அடுத்த கிழமை பேப்பரைக் கொண்டுவந்து வரி வரியா எனக்கு இங்கிலிஷிலை சொல்லிக் காட்டினா. ஒரு சொல்லும் பிழையில்லை. கரண்டி குவியக் குவியத் தூள் போட்டதும் அதிலை இருக்குது. எனக்குச் சரியான வெக்கம். ஏன் மனிசி, அதைக் கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கலாமே எண்டு கேட்டன். தன்ரை சப்பாத்தைக் காட்டினா. செய்தி எழுதிறவளுக்கு மூளை பிறகுதானாம், முதல் கால் வேணுமாம். போய்ப் பாக்காததை எழுதக்கூடாதாம், பாத்ததை மாத்தக்கூடாதாம்.

உந்தச் சப்பாத்துப் பழக்கம் எங்கையிருந்து வந்தது எண்டு கன நாளைக்குப் பிறகுதான் சொன்னா. வெறுங்கால் நாளொண்டிலை, கண்ணாடிக் குவளையிலை எலுமிச்சம்பழத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு.

இளவயசிலை ஒரு துறைமுகப் பட்டினத்துப் பேப்பரிலை வேலையாம். விடியவே பேக்கரி வாசலிலை பாணுக்குச் சனம் வரிசையிலை நடுங்கிக்கொண்டு நிக்கிறதைப் போய்ப் பாத்து எழுதிக் குடுத்திருக்கிறா. பேப்பர் வரேக்கை வரிசையைக் காணேல்லை. புதுப் பாண் கடையைச் சனம் ஆவலோடை வந்து பாத்ததாம் எண்டு இருக்குது, கீழை அவவின்ரை பேர். எடிட்டரின்ரை மேசைக்கு முன்னாலை போய் நிண்டு என்ரை பேரை எடுங்கோ எண்டிருக்கிறா. பேரையும் எடுத்தாங்கள், அவவையும் தூக்கிக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிக்கிற மூலையிலை போட்டாங்கள். அந்த மூலையிலை இருந்துதான் முதல் கதையை எழுதினாவாம். ஒரு கிழவன் பாணுக்கு வரிசையிலை நிண்டு நிண்டு, கால் வேர்விட்டு, கடைசியிலை மரமாப் போறான். அதை ஒரு புத்தகத்திலை போட்டாங்கள். ஊர்ச்சனம் வாசிச்சுப்போட்டு, இது எங்கடை பாண் கடையெல்லோ எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சதாம்.

"எங்கடை நாட்டிலை அந்த நாளையிலை பேப்பரிலை கதை வந்தது, கதைப் புத்தகத்திலை செய்தி வந்தது," எண்டா. "ரெண்டையும் அதது இடத்திலை வைக்கவேணும் எண்டுதான் நான் வெளிக்கிட்டு வந்தனான்."

அண்டு தொட்டு இதுதானாம் ஒழுங்கு. சப்பாத்துக் காலோடை ஒரு பொய் எழுத மாட்டா. வெறுங்காலோடை இருக்கேக்கை உண்மை வந்தாலும் சரி, வராட்டிலும் சரி. விசர் மனிசி எண்டு நான் வீட்டை வந்து சொல்ல, என்ரை இவர் சொன்னார், விசர் எண்டாலும் ஒழுங்கான விசர்.

இனி கேஸண்ணையைப் பற்றிச் சொல்லவேணும். ரெண்டாம் மாடியிலை இருக்கிறவர். ஊரிலையிருந்து வந்த சனத்துக்கு அகதிக் கேஸ் எழுதிக் குடுத்துக் குடுத்தே அந்தப் பேர் வந்தது. தங்கமான மனுசன். ஒரு சதமும் வாங்க மாட்டார். அவர் எழுதின கேஸிலை ஒருத்தரை ஆமி ஒருக்கால் பிடிச்சது எண்டால் ரெண்டு தரம் பிடிச்சிருக்கும், வீட்டு மதிலிலை குண்டு விழுந்தது எண்டால் குசினிக்குள்ளை விழுந்திருக்கும். பொய் எண்டு சொல்ல எனக்கு மனம் வராது. பட்ட பாட்டைப் பட்டபடி சொன்னால் மேசைக்கு அங்காலை இருக்கிறவனுக்கு விளங்காது, அவன்ரை காதுக்கு எட்டிற சத்தத்திலை சொல்லவேணும் எண்டுவார். அவர் எழுதிக் குடுத்து வந்த சனம் இண்டைக்குக் கர்க்லாண்டிலை வீடு வாங்கி முத்தத்திலை புல்லு வெட்டிக்கொண்டு நிக்குது. ஆர் அவரைக் குறை சொல்லுறது?

ஒரு மாரிக் குளிர்காலத்திலைதான் கட்டடம் புது முதலாளியின்ரை கைக்குப் போனது. எங்களையெல்லாம் வீட்டை விட்டு எழுப்பிப்போட்டு, திருத்தி, ரெண்டு மடங்கு வாடகைக்குக் குடுக்கிறதுதான் அவன்ரை எண்ணம். எழும்பச் சொல்லிச் சட்டப்படி சொல்லேலாது. வீடுகளைச் சூடாக்கிற பொய்லர் பழுதாப் போச்சுது, சாமான் வரேல்லை, ஆள் வரேல்லை எண்டு இழுத்தான். லிஃப்டும் நிண்டிட்டுது. வீட்டுக்குள்ளை கதைச்சால் வாயாலை புகை வரும். கொஞ்சப் பேர் தாங்கேலாமல் தாங்களாவே விட்டிட்டுப் போயிட்டினம், அதைத்தான் அவனும் எதிர்பாத்தவன். எங்களுக்குப் போக இடமில்லை. இந்த வாடகைக்கு வேறை வீடு கிடையாது. என்ரை சின்னவனுக்கு முட்டு, அதுதான் ஆஸ்துமா வருத்தம், ஆஸ்பத்திரி கிட்ட வேணும். நானும் இவரும் வேலை செய்யிறது டோர்வல் எயார்போட்டுக்குப் பக்கத்துச் சமையல்கூடத்திலை, மாறி மாறி ஷிஃப்ட். ஒருத்தர் வர மற்றவர் வெளிக்கிட்டு எப்பிடியோ ஓட்டிக்கொண்டிருந்த சீவியம். இந்த வீடு போனால் எல்லாம் போச்சு.

கேஸண்ணை எல்லாரையும் நிலத்துக்குக் கீழை இருக்கிற உடுப்புத் தோய்க்கிற அறையிலை கூப்பிட்டு வைச்சு, வாடகை வழக்குப் பாக்கிற கோட்டுக்குக் குடுக்க ஒரு முறைப்பாடு எழுதினார். வடிவா எழுதினார். அதிலை என்ரை சின்னவனுக்கு இந்தக் குளிராலை மூச்சு நிண்டு, அம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது எண்டும் ஒரு வசனம். சின்னவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உண்மை. ஆனால் அது பொய்லர் நிக்க ஒரு மாசம் முந்தி, நானும் இவரும் பஸ்ஸிலை கொண்டுபோனது. எனக்கு அந்த நேரம் அது பொய்யாவே படேல்லை. இப்பவும் பெரிசாப் படேல்லை. இந்தக் குளிர் இன்னும் ரெண்டு கிழமை நிண்டால் அம்புலன்ஸ் வந்துதான் இருக்கும்.

சப்பாத்து மனிசி மூலையிலை ஒரு தோய்க்கிற மெஷினிலை சாஞ்சுகொண்டு நிண்டவ. எங்களைப் பற்றித் தன்ரை பேப்பரிலை எழுதி, கோட்டுக்கும் வந்து சாட்சி சொல்லுறன் எண்டு ஒத்துக்கொண்டு வந்தவ. முறைப்பாட்டைப் பிரெஞ்சிலை வாசிக்கக் கேட்டுப்போட்டு நேரை என்னட்டை வந்தா.

"பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பொய்லர் நிக்க முதலோ, பிறகோ?"

நான் குனிஞ்சு அவவின்ரை சப்பாத்தைப் பாத்தன். முதல் எண்டன்.

அப்ப அந்த வசனத்தை எடுங்கோ எண்டா. எடுக்காட்டித் தான் எழுதவும் மாட்டாவாம், சாட்சிக்கும் வர மாட்டாவாம். கேஸண்ணை தன்மையாத்தான் விளங்கப்படுத்தினார், அந்த ஒரு வசனத்திலைதான் கேஸே நிக்குது எண்டு. அதாலைதான் விழும் எண்டு அவ சொன்னா. சனம் குழம்பியிட்டுது. ஒருத்தர் உவ முதலாளியின்ரை ஆள் எண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, உமக்கொரு பிள்ளை இருந்தால் உப்பிடிக் கதைக்க மாட்டீர் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னன். அவ கதிரையிலை இருந்து, அவிழ்ந்த நாடாவைக் கட்டிப்போட்டு, கைபிடியைப் பிடிச்சுப் பிடிச்சு மேலை போனா. அந்த மனிசியோடை இனிக் கதை இல்லை எண்டு முடிவெடுத்திட்டு நானும் வந்திட்டன்.

அடுத்தநாள் விடிய கதவு தட்டிக் கேட்டுது. திறந்தால் அவ. கோட்டு, கழுத்துத்துண்டு, சப்பாத்து. கையிலை குளிர் பாக்கிற தேர்மோமீற்றர் ஒண்டு. நாலு மாடி ஏறி வந்ததிலை முகம் வெளுத்துப்போய்க் கிடக்குது. உள்ளை வரட்டோ எண்டா. எங்கடை வீட்டுக் குளிரைத் தான் இருந்து பாக்கவேணுமாம். கதவை அடிச்சுச் சாத்தத்தான் நினைச்சன். அந்த முழங்காலைப் பாக்க மனம் கேக்கேல்லை.

குசினியிலை ஒரு கதிரையைப் போட்டு இருந்தா. நான் பாட்டுக்குப் புட்டவிச்சன். தேத்தண்ணி வேணுமோ எண்டும் கேக்கேல்லை, அவ்வளவு கோவம். சின்னவன் பனிக்குப் போடுற தடிச்ச காற்சட்டை, தொப்பி, கையுறை எல்லாத்தோடையும் வந்தான். கதிரையிலை ஏறி, கையுறையைக் கழட்டி, புட்டு அவியிற நீத்துப்பெட்டியாலை வாற ஆவியிலை ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டான். விரல் கொஞ்சம் இளக, இறங்கி வந்து புட்டைக் குழைச்சுச் சாப்பிட்டான். அந்தக் கிழமைகளிலை அது எங்கடை வீட்டு வழக்கம். எனக்கு அது ஒரு விஷயமாவே தெரியேல்லை.

இது ஒவ்வொரு நாளுமோ எண்டு அவ கேட்டா. ஓம் எண்டன். சரியெண்டு எழும்பிப் போயிட்டா.

அடுத்தநாளும் வந்தா, ஒவ்வொரு நாளுமோ எண்டு பாக்க. அதுக்கடுத்த நாளும் வந்தா. எங்கடை வீடு முடிய மற்ற வீடுகள். தன்னை முதலாளியின்ரை ஆள் எண்டு சொன்ன மனுசன்ரை வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டியிருக்கிறா. படியிலை இருந்து இருந்துதான் ஏறுவா. நான் வேலைக்கு இறங்கேக்கை படிவளைவிலை கண்ணை மூடிக்கொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பா. உமக்கென்ன விசரோ, கேட்டு எழுதலாமே எண்டு ஒருநாள் பொறுக்கேலாமல் கேட்டன். கேட்டு எழுதினால் கேட்டனான் எண்டுதான் கோட்டிலை சொல்லலாம், கண்டனான் எண்டு சொல்லேலாது எண்டா. அண்டைக்குத்தான் அவவுக்குத் தேத்தண்ணி குடுத்தன்.

அவ எழுதினது போலந்துப் பேப்பரிலை வந்தது. அவவின்ரை மாதா கோயில் ஆக்கள் ஆரோ அதைப் பிரெஞ்சிலை மாத்தி ஒரு பெரிய பேப்பருக்குக் குடுக்க, அதிலையும் வந்தது. அதிலை அழுகை இல்லை, சாபம் இல்லை. பிள்ளை புட்டு ஆவியிலை கையைப் பிடிச்சுப்போட்டுத்தான் சாப்பிடுறான் எண்டு இருந்தது. மூண்டாம் மாடிப் பிலிப்பினோ மனிசி தன்ரை சூடான சோத்துச் சட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பிரார்த்தனை செய்யிறதும் இருந்தது. என்ரை வேலையிடத்திலை அதை வாசிச்ச ஒரு பெட்டை என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள். கேஸண்ணை அதை ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு தானே பேனையை எடுத்து அம்புலன்ஸை வெட்டினார்.

வாடகைக் கோட்டிலை முதலாளியின்ரை லோயர் என்னைத்தான் முதல் பிடிச்சான். அம்புலன்ஸ் வந்தது எந்தத் திகதி எண்டு கேட்டான். எனக்கு உடனை விளங்கியிட்டுது. கேஸண்ணை முந்தியே கோவத்திலை கட்டடக் காவலாளியிட்டை அம்புலன்ஸ் கதையைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். வாசல் கமராவிலை ஒரு அம்புலன்ஸும் இல்லை எண்டு அவங்கள் பாத்து வைச்சுக்கொண்டு வந்திருக்கிறாங்கள்.

"அம்புலன்ஸ் வரேல்லை," எண்டன். "வந்ததெண்டு எங்கடை முறைப்பாட்டிலை எங்கை இருக்கு, காட்டுங்கோ."

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். பிறகு சப்பாத்து மனிசியைக் கூப்பிட்டினம். அவ எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் சொன்னா, நான் அங்கை இருந்தனான், நான் கண்டனான். கூடக் கேக்கக் கேக்க அவனுக்குத்தான் பிழைச்சுது. பொய்லரை மாத்தவேணும், ஒருத்தரையும் எழுப்பக்கூடாது எண்டு தீர்ப்பு வந்தது. புதுப் பொய்லர் வந்து சேர பனி உருகத் தொடங்கியிட்டுது, அது வேறை பகிடி. கேஸண்ணை அந்த வெற்றியை இண்டைக்கும் ஆக்களுக்குச் சொல்லுவார். அவர் சொல்லேக்கை அம்புலன்ஸ் வந்துதான் போகும்.

தீர்ப்பு வந்த நாள் அவவும் நானும் மெட்றோவிலை திரும்பி வந்தம். தோய்க்கிற அறையிலை நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேக்க வெளிக்கிட்டன். அவ அதைக் கதைக்க விடேல்லை. வீட்டை போய்ச் சப்பாத்தைக் கழட்டினாப் பிறகு உம்மட்டை ஒண்டு கேக்கவேணும் எண்டா. போனம். கழட்டினா. வீங்கின காலைக் கம்பளத்திலை நீட்டிக்கொண்டு கேட்டா:

"அந்த அம்புலன்ஸ் உங்களுக்கு இனி வேணுமோ? வேண்டாமெண்டால் நான் எடுக்கட்டோ?"

எடுத்துக்கொள்ளும் எண்டன். விளங்கேல்லை, எண்டாலும் சொன்னன்.

பேந்து அதை நான் மறந்தே போனன். அடுத்த மாரியிலை ஒருநாள், பனி கொட்டிப் பள்ளிக்கூடங்கள் பூட்டின நாள், கீழை வரச்சொல்லிக் கூப்பிட்டா. வெறுங்கால். நெஞ்சு வருத்தமும் தொடங்கியிருந்த நேரம், குரல் மெலிஞ்சு போச்சுது. ஒரு கதை கிட்டத்தட்ட முடிஞ்சுதாம், கேளும் எண்டு ஒவ்வொரு வசனமா எனக்கு மாத்திச் சொன்னா. பனிக்குள்ளை ஒரு அம்புலன்ஸ் எங்கடை மேட்டிலை ஏறேலாமல் வழுக்குது. கட்டடத்துச் சனமெல்லாம் இறங்கி வந்து தள்ளுது. சிவப்பு வெளிச்சம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலையும் பட்டுப் பட்டுப் போகுது. மேலை ஒரு தாய் நிக்கிறா. அந்தத் தாய் ஒவ்வொரு நாளும் விடிய அடுப்பைப் போட முதல், நித்திரையிலை கிடக்கிற பிள்ளையின்ரை மூக்குக்குக் கீழை விரலை வைச்சு மூச்சு வருதோ எண்டு பாக்கிறவ.

பொய்லர் நிண்ட அந்த மாரி முழுக்க நான் அதைத்தான் செய்தனான். ஒருத்தருக்கும் சொன்னதில்லை, இவருக்கும் சொன்னதில்லை.

"நீர் அதைக் கண்டனீரோ?" எண்டு கேட்டன்.

"இல்லை," எண்டு தன்ரை காலைக் காட்டினா. "சப்பாத்துப் போடேல்லையே."

நான் அழுதிட்டன். அண்டைக்குத் தோய்க்கிற அறையிலை அழவேண்டினதையும் சேத்து அழுதன். அவ தேத்தண்ணியை என்ரை பக்கம் தள்ளி வைச்சா. கொஞ்சம் தெளிஞ்சாப் பிறகு, அந்தப் பிள்ளை தப்புதோ எண்டு கேட்டன். அதுதான் தெரியேல்லை, அதாலைதான் உம்மைக் கூப்பிட்டனான் எண்டா.

யன்னலாலை பாத்தன். வெளியிலை, ரோட்டிலை தள்ளிக் குவிச்ச பனிமேட்டிலை என்ரை சின்னவன் ஏறி நிண்டு, தொப்பியும் இல்லாமல் கத்திக்கொண்டு சறுக்கிறான். முட்டுக்காரனுக்குத் தொப்பி எங்கை எண்டு எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம். அங்கை பாரும் எண்டன்.

கதிரையைப் பிடிச்சு எழும்பி யன்னலடிக்கு வந்தா. கன நேரம் நிண்டு பாத்தா. அவன் சறுக்கி விழுந்து, எழும்பி, திரும்ப ஏறினதையும் பாத்தா.

"என்ரை சப்பாத்தை எடுத்துத் தாரும்," எண்டா.

அவவாலை குனியேலாது. நான்தான் நிலத்திலை இருந்து அந்த வீங்கின காலிலை சப்பாத்தை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டன். அவ மேசைக்குப் போய், பிள்ளை தப்பியிட்டான் எண்டு எழுதினா. கதை எழுதேக்கை அவவின்ரை காலிலை சப்பாத்தை நான் கண்டது அந்த ஒருநாள்தான்.